சேவை சங்கத்துக்குக் கொடுக்குற காசு குழந்தைங்களுக்குப் போய்ச் சேருதா?

கேள்வி: ரோட்டரி, லயன்ஸ் மாதிரி சங்கங்கள் குழந்தைங்க பேரைச் சொல்லி வசூல் பண்றாங்களே, அது உண்மையிலேயே குழந்தைங்களுக்குப் போகுதா? பக்கத்துலயே கஷ்டப்படுற பிள்ளைங்க இருக்கும்போது வெளிநாட்டுக்கு எதுக்கு அனுப்பணும்?

பதில்:

நான் ஒரு ரோட்டரி கிளப்ல மெம்பர், கொஞ்ச காலம் ட்ரெஷரராவும் இருந்திருக்கேன், அதனால உள்ள இருந்து பார்த்ததை வச்சுத்தான் சொல்றேன். காசு போய்ச் சேருது, பெரும்பாலும். கை வைக்கிற ஆளே கிடையாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேற ஒண்ணு. காசு போய்ச் சேரும்போது அது என்ன பொருளா மாறிப் போய்ச் சேருது, அது அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்டதா இல்ல நமக்கு போட்டோ எடுக்க வசதியா இருந்ததாங்கறதுதான்.

முதல்ல கணக்கை முடிச்சிடறேன். ஒழுங்கா நடக்குற கிளப்ல ரெண்டு கணக்கு தனித்தனியா இருக்கும். மெம்பர்கள் கட்டுற சந்தா ஒண்ணுல போகும், மீட்டிங் சாப்பாடு, ஹால் வாடகை, ஃபெல்லோஷிப் பார்ட்டி எல்லாம் அதுலருந்துதான். வெளி ஆளுங்ககிட்ட வசூல் பண்றது இன்னொண்ணுல போகும், அதைத் தொட்டு விருந்து வைக்கக் கூடாது. "இவங்க ஹோட்டல்ல உக்காந்து திங்கறதுக்கு நாம காசு கொடுக்கணுமா"ன்னு நிறைய பேர் கேக்கறாங்க, இந்தப் பிரிவினை சரியா இருக்கற வரைக்கும் அவங்க திங்கறது அவங்க காசுல. சரியா இருக்கான்னு கேட்டுப் பார்க்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, கேட்டா முகம் சுளிக்கிற கிளப்புக்குக் கொடுக்காதீங்க.

சட்டையில பின் குத்திக்கிட்டு பால் ஹாரிஸ் ஃபெல்லோன்னு சுத்துறவங்களைப் பார்த்திருப்பீங்க. அது 1905ல சிகாகோவுல ரோட்டரியை ஆரம்பிச்ச பால் ஹாரிஸ் பேர்ல இருக்கற அங்கீகாரம், ரோட்டரியோட அறக்கட்டளையான ரோட்டரி ஃபவுண்டேஷனுக்கு 1000 டாலர் கொடுத்தா கிடைக்கும். அந்தக் காசு நேரா பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்துக்குப் போகாது. ஆண்டு நிதியில போட்டா மூணு வருஷம் முதலீட்டுல இருக்கும், அப்புறம் கிட்டத்தட்ட பாதி அந்தந்த மாவட்டத்துக்கே திரும்பி வரும், மீதியில பெரும்பகுதி உலக நிதிக்குப் போகும். ரோட்டரியில மாவட்டம்னா கலெக்டர் இருக்கற மாவட்டம் இல்ல, பல கிளப் சேர்ந்த ஒரு வட்டாரம், அதுக்கு ஒரு கவர்னர். அதனால உள்ளூரா வெளிநாடாங்கற கேள்விக்கு அந்த அமைப்புக்குள்ளயே பாதிப் பாதின்னு ஒரு பதில் வச்சிருக்காங்க.

இப்ப என் கவலைக்கு வர்றேன். கிளப் தலைவர் பதவி ஒரு வருஷம்தான், ஜூலை 1ல ஆரம்பிச்சு அடுத்த ஜூன் 30ல முடிஞ்சிடும். வர்றவர் எல்லாருக்கும் "என் வருஷத்துல இதைச் செஞ்சேன்"னு சொல்ல ஒண்ணு வேணும். முந்தின தலைவர் ஆரம்பிச்சதைத் தொடர்ந்தா பேர் அவருக்குப் போயிடும்னு ஒரு எண்ணம், வாய்விட்டு யாரும் சொல்ல மாட்டாங்க. அதனாலதான் திரும்பத் திரும்ப ஸ்கூல் பேக், நோட்டுப் புத்தகம், டிபன் பாக்ஸ். ஒரே சாயங்காலத்துல முடியும், வரிசையா நிக்க வச்சு போட்டோ எடுக்கலாம், மேல சங்க லோகோ அடிக்கலாம். ஒரு தலைமையாசிரியை அம்மா எங்க தலைவர்கிட்ட நேராவே சொன்னாங்க, "சார், பை எல்லாம் போதும் சார், போன வருஷம் வேற சங்கம் கொடுத்ததே வீட்டுல கிடக்கு, பொண்ணுங்க பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்ல, வெளிய ஒரு பொண்ணைக் காவலுக்கு நிறுத்திட்டுப் போகுதுங்க, அதைப் போட்டுக் கொடுங்க." கமிட்டியில இதைப் பேசினப்ப ஒருத்தர் கேட்டாரு, தாழ்ப்பாளை எப்படி திறப்பு விழா வைக்கிறதுன்னு. ஜோக்காத்தான் கேட்டாரு, ஆனா அறையில ஒருத்தரும் சிரிக்கல. கடைசியில தாழ்ப்பாளும் போட்டு, குழாயும் மாத்தி, சுத்தம் பண்றவங்களுக்கு மாசச் சம்பளத்துல ஒரு பங்கும் ஏத்துக்கிட்டோம். இத்தனைக்கும் ரோட்டரியோட முதல் பொதுச்சேவையே 1907ல சிகாகோவுல பொதுக் கழிப்பறை கட்ட வச்சதுதான்.

கண்ணாடி விஷயமும் இப்படித்தான். கேம்ப் போட்டு பசங்களுக்குக் கண் பார்த்து கண்ணாடி கொடுத்துடுவாங்க, நல்ல வேலைதான். ஆனா சின்னப் பசங்க கண்ணாடி சீக்கிரமே உடையும், காது பக்கம் நூல் கட்டி மாட்டிக்கிட்டு வருவாங்க, அப்புறம் அதுவும் போய் மறுபடி கரும்பலகை தெரியாம பின் பெஞ்சுல உக்காந்திருப்பாங்க. ரெண்டாவது கண்ணாடிக்கு யாரும் பட்ஜெட் போடறதில்ல. கண் சம்பந்தமான சேவையில லயன்ஸ்காரங்கதான் பழுத்த ஆளுங்க, 1925ல ஹெலன் கெல்லர் அவங்க மாநாட்டுல வந்து பார்வையற்றவங்களுக்காக நில்லுங்கன்னு கேட்டதுலருந்து அதை விடாம பிடிச்சிருக்காங்க. நூறு வருஷமா ஒரே வேலையைச் செய்யறதோட பலன் அதுல தெரியும்.

சரி, வெளிநாடு. இதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் கிஃப்ட் ஆஃப் லைஃப். 1975ல நியூயார்க் பக்கம் மன்ஹாசெட் ரோட்டரி கிளப், உகாண்டாவுலருந்து இதயத்துல கோளாறோட இருந்த ஒரு சின்னப் பொண்ணை வரவழைச்சு ஆபரேஷன் பண்ண வச்சாங்க. அதைப் பார்த்து மத்த கிளப்களும் சேர, ஒவ்வொரு குழந்தையா அமெரிக்காவுக்குக் கூட்டிட்டு வர்றதுன்னு ஆயிடுச்சு. மனசைத் தொடற விஷயம்தான், ஆனா ஒரு பிள்ளைக்கு விமானச் செலவு, கூட வர்ற அம்மாவுக்குத் தங்க இடம், மொழிபெயர்க்க ஆள்னு யோசிச்சுப் பாருங்க, எத்தனை பேரைக் கூட்டிட்டு வர முடியும்? அதனால பின்னாடி வழியை மாத்திக்கிட்டாங்க. டாக்டர் குழுவை அந்த நாட்டுக்கே அனுப்பி, அங்க இருக்கற சர்ஜன், நர்ஸ் எல்லாருக்கும் குழந்தைங்க இதய ஆபரேஷன்ல பயிற்சி கொடுக்கறது, கருவி வாங்கிக் கொடுக்கறது. வந்தவங்க கிளம்பின பிறகும் அங்க ஆபரேஷன் நடக்கும். வெளிநாட்டுக்குக் கொடுக்கறதுன்னா இப்படிக் கொடுக்கணும்னு நான் நினைக்கிறேன்.

பெரிய திட்டங்களுக்கு ரோட்டரி ஃபவுண்டேஷன் கொடுக்கற குளோபல் கிராண்ட்ங்கற நிதியில இது விதியாவே இருக்கு. குறைஞ்சது 30,000 டாலர் திட்டமா இருக்கணும், வேலை நடக்கற நாட்டுல ஒரு கிளப், வெளிநாட்டுல ஒரு கிளப், ரெண்டும் சேர்ந்துதான் விண்ணப்பிக்கணும். அந்த மக்களுக்கு என்ன வேணும்னு முதல்ல அவங்ககிட்டயே விசாரிச்சு எழுதிக் கொடுக்கணும், காசு தீர்ந்த பிறகு எப்படி ஓடும்னும் காட்டணும். படிவம் நிரப்பறதுக்குள்ள உயிர் போயிடும், திட்டாத ஆள் கிடையாது, நானும் திட்டியிருக்கேன். ஆனாலும் அந்த எரிச்சல் தேவைதான். அங்க உள்ளூர் ஆள் இல்லாம அனுப்பின தண்ணி ஃபில்டருக்கு மாத்து ஃபில்டர் யார் வாங்கிப் போடுவா சொல்லுங்க.

அப்புறம் "நம்ம பிள்ளையை முதல்ல பாரு"ங்கற வாதம். நியாயமாத்தான் தோணும். ஆனா போலியோவை எடுத்துக்கோங்க. 1979ல பிலிப்பைன்ஸ்ல குழந்தைங்களுக்குச் சொட்டு மருந்து கொடுக்கறதுல ரோட்டரி இறங்கினது, 1985ல உலகம் முழுக்கன்னு போலியோப்ளஸ்ங்கற திட்டத்தை ஆரம்பிச்சாங்க, 1988ல உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், அமெரிக்காவோட நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி எல்லாம் சேர்ந்த கூட்டு இயக்கமாச்சு. அப்ப வருஷத்துக்குச் சுமார் 3,50,000 பேருக்கு வந்துட்டிருந்த நோய். இந்தியாவுல கடைசிக் கேஸ் 2011 ஜனவரியில மேற்கு வங்காளம் ஹவுராவுல, 2014 மார்ச்சுல ஒழிஞ்சதுன்னு சான்றிதழ். அதுக்குக் கொஞ்சம் முன்னாடி 2010ல என்ன ஆச்சு தெரியுமா, பல வருஷமா போலியோவே இல்லாம இருந்த தஜிகிஸ்தான்ல திடீர்னு 450க்கும் மேல கேஸ். வைரஸை ஆராஞ்சு பார்த்தா வட இந்தியாவுலருந்து போன வகை. நம்ம ஊர் பிள்ளைன்னு தஜிகிஸ்தான்காரங்க மட்டும் தங்களைப் பார்த்துக்கிட்டா போதுமா? அந்த வைரஸுக்குப் பாஸ்போர்ட் தேவைப்படல. ரோட்டரி மட்டும் இதுவரைக்கும் 260 கோடி டாலருக்கு மேல கொட்டியிருக்கு, அதுல சின்ன ஊர் கிளப்ல சீட்டு வித்து, நடைப்பயணம் நடத்தி சேர்த்த காசும் அடக்கம். இன்னும் பாகிஸ்தான்லயும் ஆப்கானிஸ்தான்லயும் முடியல, இப்ப நிறுத்தினா செஞ்சது அத்தனையும் வீண்.

இதுல இன்னொண்ணு. எல்லாப் பிரச்சினையும் போட்டோவுல விழாது. கிவானிஸ்னு ஒரு சங்கம் இருக்கு, 1915ல டெட்ராய்ட்ல ஆரம்பிச்சது, குழந்தைங்களுக்குன்னே வேலை செய்யறவங்க. அவங்க 90கள்ல யுனிசெஃபோட சேர்ந்து எடுத்தது உப்புல அயோடின் கலக்கற வேலை. கர்ப்பத்துலயும் சின்ன வயசுலயும் அயோடின் பத்தலன்னா பிள்ளையோட மூளை வளர்ச்சி பாதிக்கும். உப்பு ஆலைக்குக் கருவி, கலந்திருக்கான்னு சோதிக்க ஏற்பாடு, இதுக்கெல்லாம்தான் காசு. எந்தக் குழந்தை கையிலயும் எதையும் கொடுத்துச் சிரிக்க வைக்க முடியாது. எத்தனையோ பை விநியோகத்தைவிட அது எனக்குப் பெருசா தெரியுது, இது என் அபிப்பிராயம்.

அதனால உங்களுக்கு நான் சொல்றது, யாராவது ரசீது புத்தகத்தோட வந்தா "உள்ளூரா வெளிநாடா"ன்னு கேக்காதீங்க. இதை யார் கேட்டாங்கன்னு கேளுங்க. அந்தப் பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ கேட்டதா, இல்ல கமிட்டியே முடிவு பண்ணதா. அடுத்த ஜூலையில புதுத் தலைவர் வந்த பிறகும் இது நடக்குமான்னு கேளுங்க. வெளிநாடுன்னா அங்க பொறுப்பு எடுத்திருக்கற கிளப் பேரைக் கேளுங்க. ஒழுங்கா செய்யறவங்க இதுக்கெல்லாம் உடனே பதில் சொல்லிடுவாங்க, சில பேர் சந்தோஷத்துல அரை மணி நேரம் பேசிடுவாங்க, அதுக்கும் தயாரா இருங்க.