அரசாணையை எங்கே தேடுவது?

கே: என் பென்ஷன் மனுவை மறுத்து வந்த கடிதத்தில், 1998-ம் வருடத்து அரசாணை ஒன்றின் எண் மட்டும் இருக்கிறது. கூகுளில் தேடினேன், கிடைக்கவில்லை. என்ன செய்யலாம் ஐயா?
– வாசகர், தேனி

ப: எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் கிடைக்காது. ஒவ்வொரு துறையும் தன் ஆணைகளுக்குத் தனியாக எண் போடுகிறது; ஜனவரி பிறந்தால் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். அதே எண்ணில் நிதித் துறையிலும் ஓர் ஆணை இருக்கலாம், வருவாய்த் துறையிலும் இருக்கலாம். இதில் நிலை, வாலாயம் என்று வகை வேறு. துறை, வகை, எண், தேதி நான்கையும் எழுதித் தரச் சொல்லி முதலில் அந்த அலுவலகத்துக்கே கடிதம் போடுங்கள். உங்கள் மனுவை மறுக்க எடுத்துக்காட்டிய ஆணையை நீங்கள் பார்க்க வேண்டாமா? தயங்காமல் கேளுங்கள்.

விவரம் வந்ததும் தமிழக அரசின் இணையதளத்தில் துறைவாரியாகப் பாருங்கள். பழைய ஆணைகள் எல்லாம் அங்கே ஏறவில்லை. ஏறியவற்றிலும் பல, தமிழில் தேடினால் சிக்காது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு ஏற்றதே 2010-ல்தான். அதற்கு முன் வேறு எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் தேடுபொறிக்கு வெறும் எழுத்துக் குப்பை. ஸ்கேன் செய்தவை வெறும் படம். அதனால் துறையின் ஆங்கிலப் பெயர், எண், தேதி ஆகியவற்றைப் போட்டுத் தேடுங்கள்.

அப்படியும் இல்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

கே: மத்திய அரசிதழின் அச்சுப் பிரதி எங்கே விற்கிறார்கள்?
– வாசகி, சேலம்

ப: 2015 அக்டோபர் 1 முதல் அதை அச்சடிப்பதே இல்லை. மின் அரசிதழ் தளத்தில் வருவதுதான் அதிகாரபூர்வமான பிரதி. இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

கே: எங்கள் ஊரைப் பற்றிப் பழைய அரசு வெளியீடுகளில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசை. எங்கே தொடங்குவது?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல் மாவட்டம்

ப: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அம்மா. நூலகத்தில் அரசு வெளியீடுகள் பிரிவில் வேலை பார்த்தவன் நான். அந்த அலமாரிகளைத் தேடி யாராவது வந்தால் மனம் நிறைந்துவிடும்.

முதலில் ஊரின் பழைய முகவரியைக் கண்டுபிடியுங்கள். உங்கள் மாவட்டம் பிறந்ததே 1985-ல். அதற்கு முன் அது மதுரை மாவட்டம். 1969-க்கு முன் மாநிலத்தின் பெயரும் மெட்ராஸ். 'தமிழ்நாடு, திண்டுக்கல்' என்று தேடினால் 1961 சென்சஸில் ஒன்றும் வராது; 'மெட்ராஸ், மதுரை' என்று தேடினால் வரும்.

மாவட்ட சென்சஸ் கையேட்டில் ஒவ்வொரு கிராமத்துக்கும் மக்கள்தொகை இருக்கும். பிந்தைய கையேடுகளில் பள்ளி, குடிநீர், சாலை வசதிகளும் உண்டு. 1961-ல் சில கிராமங்களை மட்டும் தேர்ந்தெடுத்து வீடு, உடை, கல்யாணம், தொழில், கடன்வரை விசாரித்துத் தனித்தனிப் புத்தகமாகவே போட்டார்கள். உங்கள் ஊர் அதில் இல்லாவிட்டாலும் பக்கத்து ஊர் இருக்கலாம், பாருங்கள். பழைய தொகுதிகள் பலவும் சென்சஸ் இணையதளத்தில் இருக்கின்றன. 1906-ல் வந்த மதுரை மாவட்ட கெசட்டியரையும், அதாவது மாவட்டத்தைப் பற்றிய அரசு விவர நூலையும், விடாதீர்கள். எல்லாம் ஆங்கிலம்தான்.

இணையத்தில் கிடைக்காததற்குச் சென்னை எழும்பூருக்குப் போங்கள். அங்கே 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகம் இருக்கிறது. 1954-ம் வருடச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் புத்தகத்தின் பிரதி போய்ச் சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. அரசு வெளியீடுகளுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும், அலுவல் உபயோகத்துக்கு மட்டும் என்று அச்சிட்டவை நீங்கலாக. அதே எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கிறது. அட்டவணையில் பெயர் இல்லை என்று திரும்பிவிடாதீர்கள். அரசு வெளியீடுகளில் ஆசிரியர் பெயருக்குப் பதில் துறையின் பெயர் இருக்கும். ஊர், தாலுகா, வருடம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி நூலகரிடம் கொடுங்கள். எந்த அலமாரி என்பது அவருக்குத் தெரியும்.