லேசிக் செய்த கண்ணில் அழுத்தம் 14 என்றால், உண்மையில் எவ்வளவு?

லேசிக் செய்துகொண்டவர்கள் கண் அழுத்தம் பற்றிக் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: வயது 43. 2009ல் லேசிக் செய்து மைனஸ் 7 கண்ணாடியைக் கழற்றினேன். அப்பாவுக்கு கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) இருக்கிறது. எனக்கு அழுத்தம் 14தான், நார்மல் என்கிறார்கள். கவலையில்லாமல் இருக்கலாமா?

அந்த 14ஐ (மி.மீ. பாதரச அளவில்) மட்டும் நம்பி இருக்க வேண்டாம். அழுத்தம் அளக்கும் கோல்ட்மன் டோனோமீட்டர் என்ற கருவி கண்ணுக்குள் போய் அளப்பதில்லை. கருவிழியின் (கார்னியா) நடுவில் 3.06 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தைத் தட்டையாக்க எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று பார்த்து அழுத்தத்தைச் சொல்கிறது. கருவிழி சுமார் 520 மைக்ரான் தடிமன் இருந்தால் அந்தக் கணக்கு சரியாக வரும். லேசிக்கில் கருவிழியின் மேலடுக்கை 100 மைக்ரானோ அதற்குச் சற்று அதிகமோ மடலாகத் திறந்து, அடியில் ஒவ்வொரு பவருக்கும் ஏறத்தாழ 12 முதல் 15 மைக்ரான் வரை லேசரால் எடுக்கிறார்கள். உங்களுக்கு 80 மைக்ரானுக்கு மேல் போயிருக்கும். மூடி வைத்த மடலும் பழைய உறுதியோடு ஒட்டிக்கொள்வதில்லை. அதனால் கருவிழி எளிதில் அமுங்குகிறது, எண் குறைவாக வருகிறது. உள்ளே இருக்கும் அழுத்தம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. பார்வை நரம்பைப் பாதிப்பது அதுதான்.

போதாததற்கு, அப்பாவின் நோய், அதிக மைனஸ் பவர் இரண்டுமே கிளாக்கோமா வரும் வாய்ப்பைக் கூட்டுபவை. லேசிக் உங்கள் கண்ணாடியை எடுத்தது, அந்த மைனஸ் பவருக்குக் காரணமான நீண்ட கண்ணைக் குட்டையாக்கவில்லை. சொட்டு மருந்தால் கண் பாப்பாவை விரித்து நரம்பைப் பார்ப்பது, கோனியோஸ்கோப்பி (கண்ணின் நீர் வடியும் கோணத்தைப் பார்ப்பது), ஓசிடி (நரம்பு அடுக்கின் ஸ்கேன்), ஃபீல்டு டெஸ்ட் (பார்வைப் பரப்புச் சோதனை) எல்லாம் செய்துகொள்ளுங்கள். ஓசிடியில் சிவப்பு வந்தால் உடனே பயப்படவும் வேண்டாம். அதிக மைனஸ் பவர் உள்ள கண்களை அந்த மெஷின் பல நேரம் நோய் என்று காட்டிவிடும். சில மாதங்கள் இடைவெளி விட்டு மறுபடி எடுத்து, மாற்றம் உண்டா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: கருவிழி எத்தனை மைக்ரான் குறைந்ததோ அதற்கேற்ப அழுத்தத்தைக் கூட்டிக்கொள்ள சூத்திரம் இருக்கிறதாமே?

சூத்திரங்கள் பல உண்டு. ஒரு தனி மனிதரின் கண்ணுக்கு நான் எதையும் நம்புவதில்லை. குறைந்தது தடிமன் மட்டுமல்ல, கருவிழியின் விறைப்பும்தான். ஒருவருக்கு ஓரிரு புள்ளி குறையும், இன்னொருவருக்கு ஐந்துக்கும் மேல் குறையும்.

நான் செய்வது வேறு. லேசருக்கு முன் 18 இருந்தது, ஸ்டீராய்டு சொட்டு மருந்து நிறுத்தி மூன்று மாதம் கழித்து 13 வருகிறது என்று வையுங்கள். இனி உங்கள் 13தான் பழைய 18. அது 17 ஆனால், நார்மலின் மேல் எல்லையான 21க்குள்தானே இருக்கிறது என்று விடக் கூடாது. மருந்து போட்டு எவ்வளவு குறைகிறது என்பதையும் இந்தப் புது அடிப்படையிலிருந்தே கணக்கிட வேண்டும். பாஸ்கல் டோனோமீட்டர், ஓஆர்ஏ, கார்விஸ் போன்ற அழுத்தம் அளக்கும் கருவிகளில், கருவிழியின் தன்மையால் எண் மாறுவது குறைவு. கிடைத்தால் நல்லது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே கருவியில் பாருங்கள், ஒரு கருவியின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடாதீர்கள்.

கேள்வி: லேசிக் செய்து மூன்று வாரம் ஆகிறது. பார்வை மறுபடி மங்குகிறது. அழுத்தம் 9தான். ஸ்டீராய்டு சொட்டைக் கூட்டச் சொன்னார்கள்.

கூட்டுவதற்கு முன் இன்றே ஒரு கிளாக்கோமா நிபுணரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும். அப்போது மடலுக்கு அடியில் நீர் கோத்துக்கொள்வதுண்டு. நடுவில் அளக்கும் கருவி அந்த மெத்தென்ற நீரைத்தான் அழுத்துகிறது, 9 என்று காட்டுகிறது. உள்ளே 40கூட இருக்கலாம். பார்ப்பதற்கு மடலுக்கு அடியில் வரும் அழற்சி போலவே இருப்பதால் ஸ்டீராய்டைக் கூட்டிவிடுகிறார்கள், நிலைமை மோசமாகிறது. கருவிழியின் ஓரத்தில் அளந்தால் குட்டு வெளிப்படும். நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள், ஆனால் நாளை வரை தள்ளிப்போடவும் வேண்டாம்.

கேள்வி: ஏற்கெனவே கிளாக்கோமாவுக்கு சொட்டு விடுகிறேன். லேசிக் செய்யலாமா?

பார்வைப் பரப்பில் ஏற்கெனவே இழப்பு இருந்தால் வேண்டாம் என்றே சொல்வேன். மடல் வெட்டும்போது கண்ணை உறிஞ்சிப் பிடிக்கும் வளையம், சில நொடிகளுக்கு அழுத்தத்தை 65க்கு மேல்கூடக் கொண்டுபோகும். மடல் வெட்டாமல் மேற்பரப்பில் லேசர் செய்யும் பிஆர்கேயில் அந்த வளையம் இல்லை, ஆனால் ஸ்டீராய்டு பல வாரம் விட வேண்டியிருக்கும். கிளாக்கோமாவோ என்ற சந்தேக நிலையில் மட்டும் இருப்பவர்கள், எல்லாச் சோதனைகளையும் முன்பே செய்து வைத்துக்கொண்டு யோசிக்கலாம்.

கேள்வி: எனக்குச் செய்தது ஸ்மைல். மடலே இல்லையே?

ஸ்மைலில் மடல் திறக்காமல் சிறு துளை வழியே கருவிழித் திசுவை எடுக்கிறார்கள். ஆனாலும் திசு எடுத்தது எடுத்ததுதான். எண் குறைவாகவே வரும்.

கேள்வி: 15 வருடத்துக்கு முன் வேறு ஊரில் செய்தேன். ஃபைல் தொலைந்துவிட்டது.

செய்த மருத்துவமனையில் எழுதிக் கேட்டுப் பாருங்கள். பழைய பவர், கருவிழித் தடிமன், அழுத்தம் மூன்றும் கிடைத்தால் போதும். கிடைக்காவிட்டால் கருவிழித் தடிமனும் டோபோகிராபியும் (கருவிழியின் வளைவைக் காட்டும் படம்) இன்று எடுத்து, இன்றைய நரம்புப் படத்தையே அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம். எந்தக் கண் மருத்துவரிடம் போனாலும் லேசர் செய்ததை முதலில் சொல்லுங்கள். காற்று ஊதி அழுத்தம் பார்ப்பவருக்குத் தானாகத் தெரியாது. நாளை கண்புரை வந்து லென்ஸ் வைக்கும்போதும் இதே தகவல் இல்லாவிட்டால் லென்ஸின் பவர் தவறிப் போகலாம்.