மருத்துவரிடம் சொல்லாமல் விட்டவை

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 52. இரத்த அழுத்தத்துக்காக மூன்று ஆண்டுகளில் நான்கு மருத்துவர்களைப் பார்த்துவிட்டேன். ஒருவர் பேசவே விடுவதில்லை. இன்னொருவர் கேள்வி கேட்டாலே முகம் சுளிக்கிறார். அழுத்தமும் குறைந்தபாடில்லை. நல்ல மருத்துவரை எப்படிக் கண்டுகொள்வது?

ரா.

அன்புள்ள ரா.,

நான் மருத்துவன் அல்லன். நெடுங்கால நோயாளி என்ற தகுதியில் மட்டுமே எழுதுகிறேன்.

அழுத்த மாத்திரைகள் பலவும் முழுப் பலனைக் காட்டச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் மருத்துவரை மாற்றினால், புதியவர் உங்களைப் பற்றி ஒன்றும் அறியாமல் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஒரே மருத்துவரைத் தொடர்ந்து பார்ப்பது பற்றிய 22 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் ஒரு கட்டுரை வெளியானது. அவற்றில் 18 ஆய்வுகள், அவ்வாறு பார்ப்பவர்களிடையே இறப்பு குறைவாக இருப்பதைக் காட்டின. தொடர்ச்சிதான் அதற்குக் காரணம் என்று அதைக் கொண்டு அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றாலும், ஒதுக்கிவிடக்கூடிய செய்தியும் அன்று.

பேச விடாத மருத்துவர் உங்களுக்கு மட்டும் வாய்த்தவர் அல்லர். 1984-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டதாகத் தெரிந்தது. ஆகவே, நம்மில் பலரும் செய்வதுபோல, உண்மையான கவலையை எழுந்து வரும்போது வாசலில் நின்று சொல்லாமல், அதையே முதல் வாக்கியமாக்கிவிடுங்கள்.

பட்டங்களும் அனுபவமும் பார்க்க வேண்டியவைதாம். பதிவு பெற்றவரா என்பதை உறுதி செய்துகொள்ளவும் வேண்டும். ஆனால் நான் நம்பும் சோதனை வேறு. "பத்து நாள் மாத்திரை போடவில்லை" என்று உண்மையைச் சொல்லிப் பாருங்கள். திட்டுபவரிடம் அடுத்த முறை நீங்கள் பொய்தான் சொல்வீர்கள். ஏன் நிறுத்தினீர்கள், மயக்கம் வந்ததா, விலை கட்டுப்படியாகவில்லையா, மறந்துபோனதா என்று கேட்பவரோடுதான் நெடுநாள் ஒத்துப்போக முடியும். வளர்ந்த நாடுகளிலேயே நாட்பட்ட நோய்க்கான மருந்துகளை ஏறக்குறைய பாதிப் பேர்தான் ஒழுங்காக உட்கொள்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் கூறியது. எனவே இதைக் கேட்டு அதிர்ச்சியடையும் மருத்துவர் ஒன்று புதியவராக இருக்க வேண்டும், அல்லது நடிக்க வேண்டும்.

இந்தச் சோதனையில் தேற வேண்டியவர் மருத்துவர் மட்டுமல்லர். மூட்டுவலிக்காக நானே வாங்கி விழுங்கிவந்த வலி நிவாரணியைப் பற்றி ஓராண்டுக்கும் மேலாக என் மருத்துவரிடம் மூச்சுவிடவில்லை. "அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்" என்று நினைத்தேன். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை உயர்த்தக்கூடியவை. சில அழுத்த மாத்திரைகளின் வேலையையும் அவை குறைத்துவிடும். அவர் அளவைக் கூட்டிக்கொண்டே போனார். நான் அவருடைய திறமையைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவர் வேறு ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று மூன்றாம் முறையாகக் கேட்டபோதுதான் உண்மை வெளிவந்தது.

இரண்டாவது கருத்துக் கேட்பதைத் தன்மானப் பிரச்சினையாகக் கருதுபவரையும், பரிசோதனை ஏன் தேவை என்று சொல்ல மறுப்பவரையும் தயங்காமல் விட்டு விலகலாம். மற்றபடி, அந்த நால்வரில் உங்களிடம் அதிகம் கேள்வி கேட்டவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்து குறித்த எண்களையும், நாட்டு மருந்து உட்பட நீங்கள் உட்கொள்ளும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு அவரிடமே திரும்பிச் செல்லுங்கள்.