மழையில் நின்ற ஸ்டெல்லா

கேள்வி: 1937-ல் வந்த ‘ஸ்டெல்லா டல்லாஸ்’ என்ற ஹாலிவுட் படத்தில், பெற்ற மகளின் கல்யாணத்தை மழையில் நின்று ஜன்னல் வழியாகப் பார்க்கிறாளே அம்மா, அது தியாகமா, அழவைக்கும் தந்திரமா?

பதில்: இரண்டும்தான். ஆனால் எனக்கு அதைவிட ரயில் காட்சிதான் பெரிது. ராத்திரி நேரம், பெர்த்தில் திரையை இழுத்துவிட்டுப் படுத்திருக்கிறார்கள்; ஸ்டெல்லாவின் பகட்டு உடையையும் அலங்காரத்தையும் மகளுடைய வயசுப் பணக்காரப் பெண்கள் கிண்டலடிப்பது மகள் காதிலும் விழுகிறது, அம்மா காதிலும் விழுகிறது. அம்மாவுக்குக் கேட்டிருக்குமோ என்று மகள் வந்து எட்டிப்பார்த்தால், இவள் தூங்குவதுபோல் நடிக்கிறாள். ஸ்டெல்லாவாக நடித்த பார்பரா ஸ்டான்விக் அந்த மூடிய கண்களை வைத்துக்கொண்டே மொத்தக் கதையையும் சொல்லிவிடுகிறார்.

சரி, குறையும் உண்டு. ஆலைத் தொழிலாளி வீட்டுப் பெண்ணான ஸ்டெல்லா, மகள் தன்னைவிட்டுப் பணக்கார அப்பா வீட்டுக்குப் போகவேண்டுமென்று தான் ஏதோ பொறுப்பில்லாதவள் மாதிரி வேஷம் போடுகிறாள், பணக்கார வீடுதான் நல்ல வாழ்க்கை என்பதைப் படமும் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்கிறது. மகளுக்கு என்ன வேண்டும் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. இயக்குநர் கிங் விடோர் ஏழையைக் கேலி செய்யவில்லை, அதுவரைக்கும் நிம்மதி.

அப்புறம், ஸ்டான்விக்கும் மகளாக வந்த ஆன் ஷர்லியும் ஆஸ்கருக்குப் பரிந்துரையானார்கள், இருவருக்குமே கிடைக்கவில்லை. ஸ்டான்விக்குக்கு 1982-ல் ஒரு கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள், ரொம்பத் தாமதம்!