சார்ம் பேரியான்: அட்டவணையில் இருப்பதெல்லாம் அளந்ததா?

கேள்வி: லாம்டா-சி பிளஸ், சிக்மா-சி பிளஸ் இரண்டிலும் அதே மூன்று குவார்க்குகள்தானே, ஏன் இரண்டு பெயர்?

பதில்: சார்ம் பேரியான் என்றால் மூன்று குவார்க்குகளில் ஒன்றாவது கனமான சார்ம் ஆக இருக்கும் துகள். இங்கே மற்ற இரண்டும் அப், டவுன் என்ற லேசான ஜோடி; அது சேர்ந்திருக்கும் விதம் வேறு. லாம்டாவில் அந்த ஜோடியின் தற்சுழற்சியும் ஐசோஸ்பினும் (அப், டவுன் குவார்க்குகளின் சமச்சீரைக் குறிக்கும் எண்) 0. சிக்மாவில் இரண்டும் 1. அதனால் சிக்மா சுமார் 170 எம்இவி (துகள் நிறையின் அலகு) கூடுதல் கனம். சார்மை ஓரமாக வைத்துவிட்டு லேசான ஜோடியைப் பாருங்கள், பாதி வகைப்பாடு அதிலேயே முடிந்துவிடும்.

கேள்வி: க்சை-சி (சார்மோடு ஒரு ஸ்ட்ரேஞ்ச் குவார்க்கும் உள்ள பேரியான்) ஏன் பயானை (மிக லேசான மெசான் துகள்) வெளியிட்டுச் சிதைவதில்லை?

பதில்: எந்த க்சை-சி? பிரைம் உள்ளதா, இல்லாததா? குறியீட்டை முழுதாக எழுதாமல் கேட்டால் நான் எதற்குப் பதில் சொல்வது? பிரைம் (லேசான ஜோடியின் தற்சுழற்சி 1 ஆன, கனம் கூடிய வகை) என்றே எடுத்துக்கொள்கிறேன். அதற்கும் சாதா க்சை-சிக்கும் நடுவே நிறை வித்தியாசம் 110 எம்இவிதான் இருக்கிறது. பயானுக்கு 140 வேண்டும். அதனால் ஃபோட்டானை வெளியிட்டு, சாதா க்சை-சியாக இறங்குகிறது.

கேள்வி: ஐந்து ஒமேகா-சி (ஒரு சார்ம், இரண்டு ஸ்ட்ரேஞ்ச்) கிளர்நிலைகளுக்குத் தற்சுழற்சி 1/2, 1/2, 3/2, 3/2, 5/2, எல்லாம் மைனஸ் பாரிட்டி (இடத்தைத் தலைகீழாக்கினால் நிலையின் குறி மாறுமா என்பது) என்று பாடக்குறிப்பில் இருக்கிறது. அப்படியே படிக்கலாமா?

பதில்: வேண்டாம். இந்தக் குறிப்பு என் கைக்கு எத்தனை முறை வந்துவிட்டது! 2017-இல் செர்னின் எல்எச்சிபி சோதனை, க்சை-சி பிளஸும் கேயான் மைனஸும் சேர்ந்த நிறைப் பரவலில் 3000, 3050, 3066, 3090, 3119 எம்இவி என ஐந்து குறுகிய முகடுகளைக் கண்டது. குவார்க் மாதிரியும் பி-அலையில் (சுற்றுப்பாதைக் கோண உந்தம் 1) ஐந்து நிலைகளைச் சொல்கிறது. உடனே ஐந்துக்கு ஐந்து என்று வரிசையாக ஒட்டிவிட்டார்கள். முகட்டிலிருந்து கிடைப்பது நிறையும் அகலமும்தான். தற்சுழற்சிக்குச் சிதைவுக் கோணங்களை ஆராய வேண்டும். கடைசி இரண்டும் பி-அலையே அல்ல, 2எஸ் நிலைகள் (கோண உந்தம் 0, ஆர வழியில் கிளர்ந்தவை) என்று சொல்லும் கணக்குகளும் உண்டு. அப்படியானால் பாரிட்டியே மாறிவிடும். அதிலும் 3119 பெல் சோதனையில் உறுதிப்படவில்லை. எல்எச்சிபியே பிறகு ஒமேகா-பி (சார்முக்குப் பதில் பாட்டம் குவார்க் உள்ளது) சிதைவில் தேடியபோது மற்ற நான்குதான் தெரிந்தன. 2023-இல் 3185, 3327 என இன்னும் இரண்டு சேர்ந்தன. மாதிரி சொன்னது வேறு, கருவி அளந்தது வேறு. துகள் தரவுக் குழுவான பிடிஜியின் அட்டவணையில் கேள்விக்குறி இருந்தால் அதையும் சேர்த்தே எழுதுங்கள்.

கேள்வி: ஒமேகா-சியின் ஆயுள் 70 ஃபெம்டோவினாடியா (ஒன்று 10⁻¹⁵ வினாடி), 270-ஆ?

பதில்: 270-ஐ ஒட்டி. 2018-இல் எல்எச்சிபி அளந்தது, பெல் 2-உம் ஒத்துப்போனது. 70 என்றிருக்கும் பழைய புத்தகத்தைத் திருத்துங்கள். லாம்டா-சியைவிட இதற்கு ஆயுள் அதிகம்.

கேள்வி: இரட்டை சார்ம் க்சையின் நிறை 3519-ஆ, 3621-ஆ?

பதில்: மறுபடியும் மின்னூட்டத்தை விட்டுவிட்டீர்கள். 3621 என்பது 2017-இல் எல்எச்சிபி கண்ட பிளஸ் பிளஸ். 3519 என்பது 2002-இல் செலக்ஸ் சோதனை அறிவித்த ஒற்றைப் பிளஸ்; பேபார், பெல் சோதனைகளில் அது தென்படவில்லை. ஒரே ஐசோஸ்பின் ஜோடிக்குள் (அப்புக்குப் பதில் டவுன் என்ற ஒரே வித்தியாசம் உள்ளவை) 100 எம்இவி இடைவெளிக்கு இடமே கிடையாது.