ஒரு சாண் கயிறு

கேள்வி: கவிஞர்களுக்குக் கவிதை எங்கிருந்துதான் வருகிறது? கொடைக்கானலில் மூன்று நாள் அறை எடுத்துத் தங்கினேன். மேகம், ஏரி, முழு நிலா எல்லாம் இருந்தும் நாலு வரிதான் தேறியது. எதிரே இருந்த டீக்கடைக்காரர் வேறு, சிக்னல் தேடி மேட்டில் ஏறி நின்று 'கேக்குதா, கேக்குதா' என்று மகளிடம் கத்திக்கொண்டே இருந்ததில் கவனம் சிதறிவிட்டது. அந்த நாலு வரியையும் நீங்கள் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். இனி எங்கே போவது?
(ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: எங்கும் போக வேண்டாம். அறை வாடகையாவது மிஞ்சும்.

உங்கள் நாலு வரியில் நிலா வெள்ளித் தட்டாக வந்திருந்தது. எங்களுக்கு வந்த தட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தால் இந்நேரம் பாத்திரக்கடை போட்டிருக்கலாம்.

சங்கப் புலவர் சிலரின் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் பளிச்சென்று நின்ற தொடரே அவர்களுக்குப் பெயராகிவிட்டது. செம்மண்ணில் பெய்த மழைநீர்போல நெஞ்சங்கள் கலந்தன என்று பாடிய செம்புலப்பெயல்நீராரைக் கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள், அவரை விடுங்கள். மற்றவர்களைப் பாருங்கள்: தேய்புரிப் பழங்கயிற்றினார், ஓரேருழவனார், மீனெறி தூண்டிலார், அணிலாடு முன்றிலார். பழங்கயிறு, ஒற்றை ஏர், தூண்டில், அணில் ஓடும் வாசல். இதில் எதைப் பார்க்க மலையேற வேண்டும்?

அந்தக் கயிற்றுக்காரர் பாட்டு நற்றிணையில் 284ஆவது. பொருள் தேடிப் போனவன் பாதி வழியில் நிற்கிறான். காதலியிடம் திரும்பிப் போ என்கிறது நெஞ்சு. எடுத்த வேலையை அரைகுறையாக விட்டால் இளப்பம் என்கிறது அறிவு. இரண்டு யானைகள் இரு பக்கமும் பற்றி இழுக்கிற, புரி தேய்ந்த பழங்கயிறு மாதிரி என் உடம்பு அறுந்து போகுமோ என்கிறான் அவன். தேய்ந்த கயிற்றை அந்த ஊரில் எல்லோரும்தான் பார்த்திருப்பார்கள். உள்ளே ஓர் இழுபறி இருந்த ஆளுக்குத்தான் அது அகப்பட்டது. நீங்களோ இழுபறியையெல்லாம் திண்டுக்கல்லிலேயே பூட்டி வைத்துவிட்டுப் பஸ் ஏறியிருக்கிறீர்கள். நிலா என்ன செய்யும், பாவம்?

ஓரேருழவனாரும் அப்படித்தான். மழை பெய்து நிலம் பதமாக இருக்கிறது. ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும், கையில் இருப்பதோ ஒரே ஏர். அந்த உழவனின் பதைப்பு, தூரத்து ஊரில் இருக்கும் காதலியை நினைப்பவனின் நெஞ்சுக்கு வந்துவிடுகிறது (குறுந்தொகை 131). காதலைச் சொல்ல இதைவிட அவசரமான படம் ஒன்றை நான் படித்ததில்லை. அதில் பூவும் இல்லை, நிலாவும் இல்லை.

அதெல்லாம் பழைய காலம் என்பீர்கள். சரி, பாரதிக்கு வருவோம். 'காற்று' என்ற வசன கவிதையை எடுத்துப் படியுங்கள். மாடியில் ஓர் ஓலைப் பந்தல். அதில் கட்டியது போக மிஞ்சிய ஒரு சாண் கயிறு தொங்குகிறது. நாமாக இருந்தால் கத்தரிக்கோல் தேடியிருப்போம். அவர் அதோடு பேச்சுக் கொடுக்கிறார்! பக்கத்தில் இன்னொரு கயிறு. ஒன்றுக்குக் கந்தன் என்றும் மற்றதற்கு வள்ளியம்மை என்றும் பெயர், இரண்டும் புருஷன் பெண்டாட்டி. அவை கொஞ்சிக் குலவுவதை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டே போய், கடைசியில் காற்றுத் தேவனையே வரவழைத்துவிடுகிறார். தேவன் விசாலமான மேனியோடு வருவான் என்று எதிர்பார்த்தால், வயிர ஊசிபோல் ஒளி வடிவமாக வந்து நிற்கிறான். மிஞ்சிய கயிற்றிலிருந்து அந்த ஊசியை எடுத்திருக்கிறார் மனிதர்.

ஒன்றை மட்டும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதைப் படித்துவிட்டு அடுத்த வாரம் கயிற்றைப் பற்றி நாலு வரி அனுப்பினால் அதுவும் திரும்பத்தான் வரும். கயிறு அவர்களுடையது.

உங்களுடையதை நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள், புகாராக. டீக்கடைக்காரர் மேட்டில் ஏறி நின்று 'கேக்குதா' என்றாரே, அந்தப் பக்கத்திலிருந்து மகள் என்ன சொன்னாள்? கேட்டுதா, இல்லையா? நீங்கள் அந்த நேரத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டு நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று நினைக்கிறேன். நினைவிருக்கிற வரைக்கும் எழுதி அனுப்புங்கள். நிலாவையே மறுபடியும் அனுப்புவதாக இருந்தால், கூடவே தபால்தலை ஒட்டிய கவர் ஒன்றும் வையுங்கள்.