வாசகர் கேள்வி: சபையைத் தொடங்கியவர்கள் யார்?

கேள்வி: எங்கள் புறநகர் கிறிஸ்தவ சபை ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழி) சபையாகத் தொடங்கியது என்கிறார்கள் பெரியவர்கள். நூற்றாண்டு மலர் போடுகிறோம். தொடக்க உறுப்பினர்களின் பெயர்களை எங்கே தேடுவது?
– வாசகர், காட்பாடி

பதில்: முதலில் ஆங்கிலிக்கன்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இன்று சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்று போர்டு இருப்பதை வைத்து அன்றும் ஆங்கிலிக்கன் என்று எழுதிவிடுகிறார்கள். வேலூர் வட்டாரத்துச் சபைகளில் பெரும்பாலானவை அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் குடும்பத்தார் 1853-ல் தொடங்கிய அமெரிக்கன் ஆற்காடு மிஷன் வழி வந்தவை. அது சீர்திருத்த சபை, அதாவது பேராயர் இல்லாமல் மூப்பர்கள் நடத்தும் புராட்டஸ்டண்ட் சபை. 1908-ல் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்து, 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு சி.எஸ்.ஐ. ஆனது. வேலூர்க் கோட்டைக்குள் 1846-ல் கட்டிய புனித யோவான் ஆலயம் ஆங்கிலிக்கன் வழி, கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்காரர்களுக்கானது.

உங்கள் சபையின் 1947-க்கு முந்தைய நோட்டுகளைப் புரட்டுங்கள். மூப்பர்கள் கூடி முடிவெடுத்ததாக இருந்தால் ஆற்காடு மிஷன். பேராயர் வந்து திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவரை முழு உறுப்பினராக உறுதிப்படுத்தும் சடங்கு) கொடுத்த பட்டியலும் சாப்ளின் (அரசு நியமித்த குரு) கையெழுத்தும் இருந்தால் ஆங்கிலிக்கன். 1947-க்குப் பிந்தைய திடப்படுத்தல் எதற்கும் சாட்சியாகாது. அப்போது எல்லாச் சபைக்கும் பேராயர் வந்துவிட்டார்.

ஆங்கிலிக்கன் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் சென்னை வழியாக லண்டன் போயின. பிரிட்டிஷ் நூலகத்தில் 'என்/2' வரிசையில் இருக்கின்றன. ஆனால் அதில் பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பெயர்கள்தான். தமிழ்க் குடும்பங்களுக்கு உள்ளூர்ப் பதிவேடே ஆதாரம். ஆற்காடு மிஷன் வழி என்றால் மிஷனின் அச்சிட்ட ஆண்டறிக்கைகளைத் தேடுங்கள். பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரி ஆவணக் காப்பகத்திலும் விசாரியுங்கள். வேலூர் அடங்கியிருந்த வட ஆற்காடு மாவட்டத்துக்கு 1911 வரை சித்தூர்தான் தலைநகர். பழைய நில விவகாரத்துக்குக் கலெக்டர் ஆபீஸ் கடிதங்கள் தேவைப்பட்டால் இதை மறக்க வேண்டாம்.

புறநகர் சபையில் முக்கியமான சிக்கல் ஒன்று உண்டு. தொடங்கியவர்கள் பெரும்பாலும் டவுன் சபையிலிருந்து குடிவந்தவர்கள். அவர்களுடைய ஞானஸ்நானம் உங்கள் பதிவேட்டில் இருக்காது. முதல் பக்கத்தில் வரும் குழந்தைகளை 'தொடக்க உறுப்பினர்' என்று போட்டுவிட்டு, பெற்றோரை விட்டுவிடுவார்கள். எனவே தாய்ச் சபையின் மாற்றுச் சீட்டுகள் (உறுப்பினர் வேறு சபைக்குப் போகும்போது கொடுப்பவை), உங்கள் முதல் சந்தா நோட்டு, திருவிருந்துப் பட்டியல் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலாவது வரும் பெயரை நம்பலாம்.

பெரியவராகி ஞானஸ்நானம் பெற்றவருக்கு இரண்டு பெயர் இருக்கும். முனியம்மாள் பதிவேட்டில் மேரியாகவும் பட்டாவில் முனியம்மாளாகவும் நிற்பார். தகப்பன் பெயர், ஊர், தொழில் மூன்றும் பொருந்தினால் மட்டும் ஒரே ஆள் என்று எழுதுங்கள். சாதி குறித்திருந்தால் குடும்பத்தாரைக் கேட்காமல் அச்சில் ஏற்றாதீர்கள். உயிரோடிருக்கும் பேரன் பேத்திகளைப் பாதிக்கும்.

கேள்வி: அடிக்கல்லில் ஓர் ஆண்டு, பதிவேட்டில் அதற்கும் முந்தைய ஆண்டு. எதைப் போடுவது?
– வாசகர், சத்துவாச்சாரி

பதில்: இரண்டையும். சபை கூடியது, கல் நாட்டியது, பிரதிஷ்டை செய்தது வெவ்வேறு நாட்கள். கொட்டகையிலோ வீட்டிலோ பல ஆண்டு ஆராதனை நடந்த பிறகே ஆலயம் எழும்பும். கல் கட்டடத்தின் வயதைத்தான் சொல்லும். அதில் பெயர் உள்ளவர் நன்கொடையாளராகவோ விருந்தினராகவோகூட இருக்கலாம்.

கேள்வி: பழைய கல்வெட்டு படிக்க முடியவில்லை. ஆசிட் போட்டுக் கழுவலாமா?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: வேண்டவே வேண்டாம். ஆசிட்டும் கம்பி பிரஷும் பட்டால், மிச்சமிருக்கும் எழுத்தும் போய்விடும். வெறும் தண்ணீர், மெத்தென்ற பிரஷ் போதும். இருட்டியதும் டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். ஒளி சாய்ந்து விழும்போது பள்ளங்களில் நிழல் தங்கி எழுத்துகள் எழும்பும். டார்ச்சை இடப்பக்கம், வலப்பக்கம், மேலே என்று மாற்றி மூன்று கோணத்திலும் படம் எடுங்கள். ஒன்றில் மறையும் கோடு இன்னொன்றில் தெரியும். எண்களில் 3, 8, அதேபோல் 1, 7 குழப்பும். ஐயம் இருந்தால் அந்த இடத்தில் புள்ளி வையுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.

பதிவேட்டுக்கும் இதே கவனம் வேண்டும். கிழிந்த பக்கத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். பசை சில ஆண்டில் மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்றுவிடும். ஜன்னல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், பக்க எண் தெரியும்படி படம் எடுங்கள். வெற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள்.